புவிவெப்ப ஆற்றலில் மேற்படிப்பு: எந்த வழி யாருக்கு?

புவிவெப்ப ஆற்றலில் முதுநிலைப் படிப்பு படிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த நிமிஷமே பல்கலைக்கழகப் பட்டியலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐஸ்லாந்து நல்லதா, நியூசிலாந்து நல்லதா, ஜெர்மனியில் ஃபீஸ் குறைவாமே என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாடும் பல்கலைக்கழகமும் முக்கியம்தான். ஆனால் எந்த மாதிரிப் படிப்பு என்பதை அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்வது நல்லது.

மூன்று வழிகள் இருக்கின்றன. நிலவியல், புவி இயற்பியல், இயந்திரவியல் போன்ற ஒரு தாய்த்துறையில் சேர்ந்துகொண்டு தீசிஸை மட்டும் புவிவெப்பத்தில் செய்யலாம். பட்டத்தின் பெயரிலேயே புவிவெப்பமோ நிலைத்த ஆற்றலோ இருக்கும் படிப்பில் சேரலாம். அல்லது ஆறு மாதம் அளவிலான சான்றிதழ்ப் படிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இளநிலை முடித்த கையோடு வருகிறவர்களுக்கு முதல் வழி. ஏற்கெனவே இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மூன்றாவது வழி. இரண்டாவது மோசமில்லை, ஆனால் அது சிலருக்குத்தான் பொருந்தும். யாருக்கு என்று பிறகு வருகிறேன்.

ஏன் தாய்த்துறை என்றால், இந்தத் துறை சின்னது. இத்தாலியின் லார்டரெல்லோவில் 1913-ல் 250 கிலோவாட் நிலையத்தோடு வணிக ரீதியான மின் உற்பத்தி தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சேர்த்தால் புவிவெப்ப மின் நிலையங்களின் திறன் சுமார் 16 ஜிகாவாட். சூரிய மின்சாரத்தின் திறன் இதைப் போல நூறு மடங்குக்கும் மேல் போய்விட்டது. அந்தப் பதினாறிலும் கால்வாசி அமெரிக்காவில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், துருக்கி, நியூசிலாந்து, கென்யா, ஐஸ்லாந்து என்று ஒரு சில நாடுகளுக்குள் முடிந்துவிடும். வேலைகள் குறைவு, இருக்கும் வேலைகளும் எரிமலையை ஒட்டியோ சூடான பாறையை ஒட்டியோதான் இருக்கும். அரசாங்கக் கொள்கை மாறினால் ஆள் எடுப்பது சட்டென்று நின்றுபோகும், இரண்டு வருஷம் கழித்து மறுபடி சூடுபிடிக்கும்.

அந்த இரண்டு வருஷம் எங்கே போவது? நிலத்தடிப் பாறையில் திரவம் எப்படி ஓடும் என்று ஒழுங்காகப் படித்தவருக்குப் போக இடம் இருக்கிறது. நிலத்தடி நீர், கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்குள் செலுத்தும் திட்டங்கள், சுரங்கம், எண்ணெய், அணுக்கழிவுச் சேமிப்பு எல்லாமே அதே அறிவைக் கேட்பவை. பட்டத்தில் புவிவெப்பம் என்று மட்டும் இருந்தால் அந்த வாசல்களில் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சரி, எந்தத் தாய்த்துறை?

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கிணறுதான், ஆனால் எரிமலைப் பகுதிகளில் இப்படி நடப்பது சாதாரணம். துளையிட்டு முடித்து, சில வாரங்கள் சூடேற விட்டு, கருவியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குகிறார்கள். வெப்பநிலை ஏறிக்கொண்டே போய் 1,100 மீட்டரில் 240 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. இன்னும் கீழே போனால் இன்னும் சூடாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. 1,500 மீட்டரில் 215 டிகிரிதான். ஏறி வந்த கோடு மடங்கித் திரும்பிவிட்டது.

நிலவியல்காரருக்கு இந்த வளைவைப் பார்த்ததும் ஒன்று புரியும். சுடுநீர் கிணற்றுக்கு நேர் கீழேயிருந்து வரவில்லை. வேறெங்கோ மேலேறி, பக்கவாட்டில் ஓடி இந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. அப்படியானால் அது மேலேறும் இடம் எந்தப் பக்கம், எந்தப் பிளவின் வழியாக? புவி இயற்பியல்காரர் மேக்னெட்டோடெல்லூரிக் அளவீடுகளை (இயற்கை மின்காந்தப் புலத்தை வைத்து நிலத்தடிப் பாறையின் மின்தடையை அளப்பவை) விரித்துவைத்து, சுடுநீருக்கு மேலே உருவாகும் மின்தடை குறைந்த களிமண் மூடி எங்கே மேடிட்டிருக்கிறது என்று தேடுவார். வேதியியல்காரருக்குத் தண்ணீர் மாதிரி போதும். சிலிக்காவின் அளவையும் சோடியம்-பொட்டாசியம் விகிதத்தையும் வைத்து, அந்த நீர் கடைசியாக எத்தனை டிகிரியில் பாறையோடு சமநிலையில் இருந்தது என்று கணக்குப் போடுவார். விடை 270 என்று வந்தால் அசல் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

டிரில்லிங் இன்ஜினியரின் நினைவு வேறு. 1,100 மீட்டரில் உள்ளே அனுப்பிய துளைச்சேறு (துளையிடும்போது சுற்றவிடும் குழம்பு) திரும்பி வராமல் பாறை வெடிப்புக்குள் ஓடியிருக்கும், கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயான கேசிங்கைச் சிமென்ட் போட்டு நிறுத்துவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகியிருக்கும். ரிசர்வாயர், அதாவது நிலத்தடிச் சுடுநீர்த் தேக்கம், அதைக் கணக்கிடும் ரிசர்வாயர் இன்ஜினியர் கேட்பது நொடிக்கு எத்தனை கிலோ வரும், இருபது முப்பது வருஷம் தாங்குமா, திருப்பிச் செலுத்தும் குளிர்ந்த நீர் எத்தனை வருஷத்தில் சுற்றிக்கொண்டு இந்தக் கிணற்றுக்கே வந்து சேரும் என்பதை.

தரைக்கு மேலே இருப்பவர் இயந்திரவியல்காரர். 240 டிகிரி நீரை 6 பார் அழுத்தத்தில் பிரித்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் நீராவியாகும். மிச்சம் 159 டிகிரி நீராகவே நிற்கும். அதிலும் வெப்பம் இருக்கிறதே என்று குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கி ஓடும் பைனரி நிலையம் ஒன்றைப் பின்னால் இணைத்து இன்னும் உறிஞ்சலாம். ஆனால் 130 டிகிரிக்கு அருகில் கொண்டுவரும்போதே நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா அதன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே இறக்கினால் குழாயிலும் வெப்பப் பரிமாற்றியிலும் மறுசெலுத்தும் கிணற்றிலும் வெள்ளையாகப் படிய ஆரம்பிக்கும். எவ்வளவு பேராசைப்படலாம் என்பதுதான் அங்கே வடிவமைப்பே.

ஒரே கிணறு, ஆறு பேர், ஆறு விதமான வேலை நாள். இதில் எந்தக் கேள்வியைப் படிக்கும்போது உங்களுக்கு மேலும் இரண்டு கேள்வி தோன்றியதோ, அந்தத் துறைக்கு விண்ணப்பியுங்கள். எல்லாமே சமமாகப் பிடித்தது என்றால், இளநிலையில் படித்ததை விட்டு ரொம்ப விலகாமல் இருப்பது புத்திசாலித்தனம். இயந்திரவியல் படித்தவர் ரிசர்வாயர் பக்கம் வரலாம். வெப்ப இயக்கவியலும் திரவ ஓட்டமும் கைவசம் இருப்பதால் அது சிரமமில்லை. ஆனால் அவரே கட்டமைப்பு நிலவியலுக்குப் போக நினைத்தால், பாறையைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகவே ஒரு வருஷம் போய்விடும்.

தாய்த்துறை வழி

இந்த வழியில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வுக்குழுவின் குணம் முக்கியம். ஸ்டான்ஃபோர்டில் புவிவெப்பம் என்றால் ரிசர்வாயர் இன்ஜினியரிங். எண்ணெய்த் துறைக் கணிதத்தில் வேர்விட்டு வளர்ந்த குழு அது. 1975 முதல் அவர்கள் நடத்தும் ஆண்டுக் கருத்தரங்கு இந்தத் துறைக்காரர்கள் வருஷா வருஷம் கூடும் இடம். நெவாடா பல்கலைக்கழகம், ரெனோ, வேறு ரகம். தரையில் சுடுநீர் ஊற்றோ நீராவியோ எதுவும் தெரியாத, மறைந்து கிடக்கும் புவிவெப்பப் பகுதிகளைப் பிளவுகளின் அமைப்பை வைத்துக் கண்டுபிடிப்பது அவர்களின் பலம். ஆக்லாந்து கணினி மாதிரிகளுக்குப் பேர் போனது. நியூசிலாந்தின் ஜி.என்.எஸ். சயின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் எழுதிய வைவேரா என்ற சிமுலேட்டர் (நிலத்தடி ஓட்டத்தைக் கணினியில் நடத்திப் பார்க்கும் நிரல்) திறந்த மூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஜூரிக்கின் இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஆல்ப்ஸ் மலைக்குள் பெட்ரெட்டோ என்ற சுரங்க ஆய்வகம் இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறையை வைத்துக்கொண்டு, பாறைக்குள் நீரைச் செலுத்தினால் என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்தே அளக்கிறார்கள்.

நாலும் நாலு விதம். ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்தது என்பதற்காகப் பிளவுகளின் வரைபடம் போட ஆசைப்படுகிறவர் அங்கே போனால் சமன்பாடுகளுக்கு நடுவில் தவித்துப்போவார்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த வழிக்கு ஒரு அனுகூலம் உண்டு. வட அமெரிக்காவில் ஆய்வுடன் கூடிய முதுநிலைக்குப் பேராசிரியரின் திட்டப் பணத்திலிருந்து உதவித்தொகை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பாடங்கள் மட்டும் உள்ள படிப்புகளுக்கு அது அபூர்வம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஒரு விலக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் அங்கே 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தாய்த்துறையில் படித்தால் மற்ற ஐந்து பேரின் வேலை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கிணறு தோண்டுவதிலேயே போய்விடும் துறை இது. அந்தச் செலவு ஏன் அப்படி ஏறுகிறது என்று தெரியாமலே சில நிலவியல் மாணவர்கள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று விருப்பப் பாடங்களை வேறு துறையில் எடுத்தால் இதை ஓரளவு சரிக்கட்டலாம்.

பெயரிலேயே ஆற்றல் உள்ள படிப்புகள்

ரெய்க்யாவிக் பல்கலைக்கழகத்தின் ஐஸ்லாந்து ஸ்கூல் ஆஃப் எனர்ஜி, இந்தோனேசியாவில் பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் புவிவெப்ப முதுநிலை, கென்யாவின் டெடான் கிமாத்தி பல்கலைக்கழகம் ஆகியவை இந்த வகையில் வரும். இவற்றின் பெரிய பலம் இடம். ரெய்க்யாவிக்கிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹெல்லிஷெய்தி. 303 மெகாவாட் மின்சாரமும் நகரத்துக்குச் சுடுநீரும் தருகிற நிலையம் அது. நீராவியோடு வரும் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்கும் கார்ப்ஃபிக்ஸ் வேலையும் அங்கேதான் நடக்கிறது. பாண்டுங்கைச் சுற்றி கமோஜாங், தரஜாத், வயாங் விண்டு என்று வரிசையாக நிலையங்கள். கென்யாவின் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புவிவெப்பத்திலிருந்தே வருகிறது. ஒல்காரியாவில் 1981-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஆட்களைத் தொடர்ந்து தயார்செய்யும் தேவை அங்கே இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த இடங்களில் கிணற்றிலிருந்து மின் கட்டணப் பேச்சுவார்த்தை வரைக்கும் முழுச் சங்கிலியையும் பார்க்கலாம். திட்ட மேலாண்மை, முதலீடு, அரசுக் கொள்கை, சுற்றுச்சூழல் அனுமதி என்று போக நினைப்பவர்களுக்கு இது தாய்த்துறையைவிடப் பொருத்தம். தாங்கள் படிக்கும் நாட்டிலேயே வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும் அப்படியே. ஆசிரியரும் சீனியர்களும் பக்கத்து நிலையத்தில் இருப்பார்கள், முதல் வேலைக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. கட்டாயப் பாடங்களில் ரிசர்வாயர், நிலவியல், வேதியியல் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் ஒரே அறிமுகப் பாடத்தில் அடைத்துவிட்டு மீதி நேரம் காற்றாலையும் சூரிய ஒளியுமாகப் போகிறதா என்பதை மட்டும் பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதிரி என்றால் அது புவிவெப்பப் படிப்பே இல்லை.

ஆறு மாதப் படிப்புகள்

இதில் இரண்டு பெயர்தான் முக்கியம். இரண்டுமே 1970-களின் கடைசியில் பிறந்தவை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜியோதெர்மல் இன்ஸ்டிடியூட் ஒரு பருவத்தில் முடியும் முதுநிலைச் சான்றிதழ் தருகிறது. ஐஸ்லாந்தின் க்ரோ (GRÓ) புவிவெப்பப் பயிற்சித் திட்டம், முன்பு ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடந்தது, 2020 முதல் யுனெஸ்கோவின் குடையின் கீழ் இருக்கிறது. 1979 முதல் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதை முடித்திருக்கிறார்கள். நிலவியல், புவி இயற்பியல், திரவ வேதியியல், ரிசர்வாயர், டிரில்லிங், பயன்பாடு, சுற்றுச்சூழல் என்று ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அதிலேயே மூழ்கி, கடைசியில் ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலும் சொந்த நாட்டுத் தரவை எடுத்துவந்து செய்வார்கள். அங்கே இருப்பவர்கள் அதை வரிக்கு வரி கேள்வி கேட்பார்கள். வருஷக்கணக்காக அலமாரியில் கிடந்த கிணற்றுத் தரவு அந்த ஆறு மாதத்தில் உயிர்பெறும். நன்றாகச் செய்தவர்களுக்கு அங்கேயே முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

இளநிலை முடித்த கையோடு இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐஸ்லாந்துத் திட்டத்துக்கு முடியாது. வளரும் நாடு ஒன்றில் புவிவெப்ப வேலை செய்யும் நிறுவனத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அந்த நிறுவனம்தான் உங்களை முன்மொழிய வேண்டும். ஆக்லாந்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அனுபவமே இல்லாமல் ஒரு பருவத்தில் இவ்வளவையும் விழுங்கினால் பாதிதான் செரிக்கும். ஐந்து வருஷம் நிலையத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கோ இது இரண்டு வருஷ முதுநிலையைவிட லாபம். சம்பளம் இரண்டு வருஷம் நிற்காது, திரும்பிப் போகவும் இடம் இருக்கும். வேலையில் இருக்கும் நண்பர்கள் முழு முதுநிலைக்குத் துடிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் புரியாமல்தான் இருக்கும்.

தலைப்பு: பழைய வழியா, புதிய வழியா

தாய்த்துறையில் சேர்வது என்று முடிவாகிவிட்டால் இன்னொரு தேர்வு காத்திருக்கிறது. இயற்கையிலேயே சுடுநீர் ஓடும் பகுதிகளைப் பற்றித் தீசிஸ் செய்வதா, சூடு இருந்தும் நீர் ஓடாத பாறையை உடைத்து வழி உண்டாக்கும் புதிய முறையைப் பற்றிச் செய்வதா?

புதிய முறையில் இப்போது பணம் புரள்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் செலவில் யூட்டா ஃபோர்ஜ் என்ற களத்தில் கிணறுகள் தோண்டி, தரவுகளைப் பொதுவில் வைக்கிறார்கள். ஷேல் எண்ணெயில் பழகிய கிடைமட்டக் கிணறுகளை இங்கே கொண்டுவந்த ஃபெர்வோ நிறுவனம் 2023-ல் நெவாடாவில் சோதனையை வெற்றிகரமாக முடித்துவிட்டு யூட்டாவில் பெரிய திட்டத்தில் இறங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் முன்னாள் டிரில்லிங் இன்ஜினியர், இன்னொருவர் ஸ்டான்ஃபோர்டில் ரிசர்வாயர் பக்கம் முனைவர் பட்டம் வாங்கியவர். தாய்த்துறை வழிக்கு இதைவிட நல்ல விளம்பரம் தேவையில்லை.

ஆனால் இதே முறைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2006-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குக் கீழே நீரைச் செலுத்தியபோது 3.4 ரிக்டர் அளவில் நில அதிர்வு வந்தது. திட்டம் நின்று, பிறகு கைவிடப்பட்டது. 2017-ல் தென்கொரியாவின் போஹாங்கில் 5.5 அளவிலான நிலநடுக்கத்துக்கு அங்கிருந்த புவிவெப்பத் திட்டமே காரணம் என்று அரசு அமைத்த குழு முடிவு சொன்னது. அதற்குப் பிறகு தூண்டப்பட்ட நில அதிர்வு தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது. பாறை இயக்கவியலும் நில அதிர்வியலும் தெரிந்தவருக்கு இன்று இங்கே நல்ல கிராக்கி. சுடுநீரின் வேதியியல் படிக்க விரும்புகிறவர் பழைய வழியிலேயே இருப்பது மேல், அங்கே ஐம்பது அறுபது வருஷத் தரவு காத்திருக்கிறது. நியூசிலாந்தின் வைரக்கேய் 1958 முதல் ஓடுகிறது. இவ்வளவு நீளமான வரலாறு புதிய முறைக்கு எங்குமே இல்லை.

மின்சாரமே வேண்டாம், வெப்பம் போதும் என்கிற மூன்றாவது திசையும் உண்டு. பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் 1969 முதல் நிலத்தடிச் சுடுநீரால் வீடுகளைச் சூடாக்குகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் 2023-ல் தன் வளாகத்திலேயே கிணறு தோண்டியது. கார்னெல் பல்கலைக்கழகம் 2022-ல் தன் வளாகத்தில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுக் கிணறு ஒன்றை இறக்கியது. எரிமலை இல்லாத நாடுகளில் வேலை தேடப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை இளக்காரமாக நினைக்க வேண்டாம். குளிர் நாடுகளில் ஆற்றல் செலவின் பெரும்பகுதி வெப்பத்துக்குத்தான் போகிறது.

முனைவர் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வகம், பல்கலைக்கழகம், சிமுலேட்டர் எழுதுவது என்றால் அவசியம். நிலையத்திலோ கள ஆய்விலோ வேலை என்றால் முதுநிலை போதும்.

விண்ணப்பிப்பதற்கு முன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு கருத்தரங்கின் கட்டுரைகளும், உலக புவிவெப்ப மாநாடுகளின் கட்டுரைகளும், ஐஸ்லாந்துப் பயிற்சித் திட்டத்தின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வாரம் அவற்றைப் புரட்டுங்கள். எந்தக் கட்டுரைகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தீர்கள் என்று பார்த்தாலே துறை முடிவாகிவிடும். அவற்றை எழுதியவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பட்டியலும் தயார்.

அந்தப் பட்டியலில் உள்ள பேராசிரியர்களுக்கு எழுதும்போது உங்கள் மதிப்பெண்களைப் பற்றி ஒரு வரி போதும். மிச்ச இடத்தில் தரவைப் பற்றிக் கேளுங்கள். தீசிஸுக்கு எந்தக் கிணற்றின் தரவு? அது இப்போது கையில் இருக்கிறதா, நிறுவனத்திடமிருந்து இனிமேல்தான் வர வேண்டுமா? தனியார் நிறுவனத்தின் தரவு என்றால் முடிவுகளை வெளியிட விடுவார்களா, இல்லை இத்தனை வருஷத்துக்குப் பூட்டிவைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறதா? களத்துக்குப் போக நேருமா, அந்தச் செலவு யாருடையது? தரவு இனிமேல்தான் வர வேண்டும் என்று பதில் வந்தால் அந்த இடத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும். நிறுவனங்களின் சட்டப் பிரிவு கையெழுத்துப் போட எடுத்துக்கொள்ளும் காலத்துக்கும் இரண்டு வருஷ முதுநிலைக்கும் சில சமயம் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.